தைரியமாக இருக்க முடியவில்லை என்றால்

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் 47 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். மார்பகப் புற்றுநோய், இரண்டாம் கட்டம் என்று தெரிந்து ஐந்து வாரம் ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. வீட்டில் கணவரும் தொடக்கநிலை ஆறில் படிக்கும் மகளும். தஞ்சாவூரில் 74 வயது அம்மா. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. "எல்லாரும் தைரியமாக இரு, நல்லதையே நினை என்கிறார்கள். என்னால் முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை. இப்படி அழுதால் நோய் கூடிவிடுமா? மனநல மருத்துவரைப் பார்த்தால் அது எங்கெல்லாம் பதிவாகும்? அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா?"

நான் சிங்கப்பூர் மருத்துவமனையில் 22 ஆண்டுகள் மருத்துவச் சமூக ஊழியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில். மருத்துவர் அல்லேன், ஆகவே மருந்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுதால் கட்டி வளராது. கீமோவின் வேலையும் குறையாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரைப் பின்தொடர்ந்தது. சிகிச்சையின் தொடக்கத்தில் அவர்களுடைய மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துவைத்து, பிறகு யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். உற்சாகமாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. சோர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் இறந்துவிடவும் இல்லை. உங்களுடையது வேறு புற்றுநோய்தான். ஆனாலும் மன உறுதியே நோயை வெல்லும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்த ஆய்வு கொஞ்சமும் துணை நிற்காது.

ஜிம்மி ஹாலண்டு என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் மனநலப் பிரிவைத் தொடங்கியவர். புற்றுநோயாளிகளின் மனத்தைப் பற்றித் தனியாக ஒரு துறையே உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் "நல்லதையே நினை" என்று நெருக்குவதை அவர் 'நேர்மறை எண்ணத்தின் கொடுங்கோன்மை' என்று அழைத்தார். அதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஏற்கெனவே நோயைச் சுமக்கிறவரிடம், நீ சிரிக்காவிட்டால் அது திரும்பி வரும், வந்தால் அதுவும் உன் குற்றம்தான் என்று இன்னொரு மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றுகிறவர்கள் நல்லவர்கள். அதனால்தான் மறுக்கவும் முடிவதில்லை.

மனம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மனச்சோர்வு முற்றியவர் சாப்பிடுவதில்லை, மாத்திரையைத் தவறவிடுகிறார், மூன்றாவது சுற்று கீமோவுக்கு வர மறுக்கிறார். அதெல்லாம் இல்லாவிட்டாலும் துன்பம் துன்பம்தான். அதைக் குறைக்க வேறு காரணம் எதற்கு?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் மனநிலையை வாந்தி, காய்ச்சல் போன்ற ஓர் அறிகுறியாக நடத்துங்கள். கீமோவுக்குப் பிறகு உடல்வெப்பம் 38 பாகையை எட்டினால் உடனே அழைக்கச் சொல்லித் தாதி ஓர் எண் கொடுப்பார். அப்போது நீங்கள் தைரியமாக இருப்பதைப் பற்றி யோசிக்க மாட்டீர்கள், எண்ணைப் பார்த்து அழைப்பீர்கள். மனத்துக்கும் அதே வழக்கம் வேண்டும்.

இதற்கென ஒரு கருவியும் உண்டு. பல புற்றுநோய் நிலையங்களில் ஒரு தாளில் வெப்பமானிப் படம் போட்டு, 0 முதல் 10 வரை எண்கள் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மன உளைச்சல் எவ்வளவு என்று வட்டமிடச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் போனால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்பது கணக்கு. நம்மவர்கள் அந்தத் தாளை நிரப்புவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தாதியின் முகத்தைப் பார்ப்பார்கள், பின்னால் நீளும் வரிசையைப் பார்ப்பார்கள், 2 என்று வட்டமிடுவார்கள். ஒரு மூதாட்டி 0 போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் பாட்டி என்று கேட்டதற்கு, "அந்தப் பிள்ளைக்கு வேலை கூடிப் போகும் இல்லையா" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்தால் 7, 8 போல் தெரிகிறது. அடுத்த வாரம் அந்தத் தாள் வந்தால் மரியாதைக்காக எண்ணைக் குறைக்காதீர்கள். தாள் வரவில்லை என்றால் வாயால் சொல்லுங்கள்: "இரவில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை, தினமும் அழுகிறேன்." 'கொஞ்சம் கவலையாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் "அது இயல்புதான்" என்ற பதில்தான் கிடைக்கும்.

இயல்பும்தான். முதல் சில வாரங்கள் அதிர்ச்சி, நம்பாமை, கோபம், அழுகை எல்லாம் மாறி மாறி வரும். பெரும்பாலோருக்குச் சிகிச்சைத் திட்டம் கைக்கு வந்ததும் கொஞ்சம் தணியும். தணியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மருத்துவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பார்க்கலாம். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாள்களில் மனம் தாழ்ந்து, வழியே இல்லை என்று தோன்றியதா? முன்பு பிடித்தவற்றில் நாட்டமே இல்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், கீமோவே அவற்றைத் தரும். அதனால் உள்ளே ஓடும் எண்ணத்தைப் பார்க்க வேண்டும். வாந்தியால் சாப்பிட முடியாதவர், மகள் பள்ளிக் கதை சொன்னால் சிரிப்பார். மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்தக் கதை காதில் விழாது, நான் எல்லாருக்கும் பாரம் என்ற ஒரு வரி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மனம் என்று நாம் நினைப்பது சில நேரம் மருந்தாக இருக்கும். கீமோவின் குமட்டலைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது சிலரை இரண்டு மூன்று நாள்களுக்குத் தூங்க விடாது. படபடப்பு, எரிச்சல், காரணமில்லாத பரபரப்பு எல்லாம் வரும். நிறுத்தியதும் சட்டென்று ஒரு சரிவு. என் கணவரிடம் இப்படிக் கத்திவிட்டேனே என்று குற்ற உணர்வில் வந்தவர்களிடம் நாள்காட்டியை எடுக்கச் சொல்வேன். கத்திய நாள் மாத்திரை சாப்பிட்ட நாளாக இருக்கும். அந்த மாத்திரையைக் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், பல நேரம் முடியும். இரத்தச்சோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, திடீரென்று வரும் மாதவிடாய் நிறுத்தம் இவையும் மனச்சோர்வின் முகத்தோடு வரும். அதனால் ஓர் இரத்தப் பரிசோதனை கேட்பதில் தவறில்லை.

உங்கள் கட்டி ஹார்மோனுக்கு இணங்கும் வகை என்றால் பிற்பாடு டாமோக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுக்கக்கூடும். ஃபுளூவாக்ஸெட்டின், பாராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், டாமோக்சிஃபெனை உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்சின் போன்ற மாற்று உண்டு, அது உடலில் திடீரென்று பரவும் வெப்பத்தையும் குறைக்கும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: யார் புது மாத்திரை எழுதினாலும், பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ, "எனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, இதோ என் மருந்துப் பட்டியல்" என்று காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

அந்த மூன்று மணி விழிப்பு. இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் கிடந்து போராடாதீர்கள். எழுந்து கூடத்துக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்தால் மட்டும் திரும்புங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடக் கூடாது, அதற்காகத்தான். பகலில், மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கவலையையும் எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு ஒரு கோடு, கணவரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு ஒரு கோடு, யாராலும் இன்று எதுவும் செய்ய முடியாதவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். இரவு மூன்று மணிக்கு அதே கவலை வரும்போது, நோட்டில் இருக்கிறது, நாளை ஐந்தரைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம். கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கைப்பேசி அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். மூன்று மணிக்குத் தேடினால் கிடைப்பது உயிர்வாழ்வு விகிதங்கள். ஐந்தாண்டு விகிதம் என்பது சில ஆண்டுகளுக்கு முன்னால், அன்றைய சிகிச்சை பெற்ற பலருடைய சராசரி. உங்கள் கட்டியின் வகை, நிணநீர்க் கணுக்களின் நிலை, உங்கள் வயது எதுவும் அதற்குத் தெரியாது. எண் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பகலில் கேளுங்கள்.

இனி இரண்டாம் கேள்வி. யாரைப் பார்ப்பது, எங்கே பதிவாகும்? ஊட்ரமில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிலையமாக இருந்தாலும், கெண்ட் ரிட்ஜ் பக்கம் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகமாக இருந்தாலும், மற்ற பொது மருத்துவமனைகளாக இருந்தாலும், மருத்துவச் சமூக ஊழியர் இருப்பார். சிகிச்சைக் குழு பரிந்துரைத்தால் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பார்க்கலாம். மூவருக்கும் வேலை வேறு. சமூக ஊழியர் பணக் கவலை, குடும்பச் சிக்கல், மன ஆறுதல் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார். மருத்துவமனைக்கு வெளியே, 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மனநல ஆலோசனை, ஆதரவுக் குழுக்கள், உடல் மீட்புப் பயிற்சி ஆகியவற்றை நடத்துகிறது. மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் உங்களைப் போன்றவர்களுக்கென்றே இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்தவரோடு பேசலாம். ஆதரவுக் குழு எல்லாருக்கும் ஒத்துவராது. பிறருடைய கதைகளைக் கேட்டு இன்னும் பயந்து போகிறவர்களும் உண்டு. ஒருமுறை போய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தமிழ் தெரிந்த ஊழியரையோ மொழிபெயர்ப்பாளரையோ ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். மகளை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது' என்பதை அம்மாவின் வாயிலிருந்து வாங்கி ஆங்கிலத்தில் மருத்துவரிடம் சொல்லும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். இனி யாரும் பார்க்க வேண்டாம்.

பதிவைப் பற்றி. மருத்துவக் கோப்பில் இருக்கும், அது முதலாளிக்குப் போகாது. விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் எழுதியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாத வரிசையில் வைத்திருக்கிறது. காப்புறுதி வேறு கதை. புதிதாகப் பாலிசி எடுத்தால் மனநலச் சிகிச்சையைப் பற்றிக் கேட்பார்கள், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கோப்பில் புற்றுநோய் என்ற சொல் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதற்கு மேல் ஒரு தூக்கமின்மைக் குறிப்புக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், ஏனென்றால் யாரும் எழுத மாட்டார்கள். இதற்குப் பதில் செத்துப் போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா? நோயாளிகள் பலருக்கு அந்த எண்ணம் வந்து போகும். வந்து தங்கினால், எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பு 24 மணி நேரமும் எடுக்கும். 1771 தேசிய மனநல உதவி எண். மனநலக் கழகத்தின் எண் 6389 2222. போலீஸ் வந்துவிடுமோ என்று பழைய பயம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் இல்லை.

முடியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வரி கடிதத்தின் ஓரத்தில், தேதிக்குப் பக்கத்தில், தனியாக எழுதப்பட்டிருக்கிறது. 'முடி கொட்டும் என்றார்கள்.' என்னிடம் வந்த தமிழ்ப் பெண்களில் மார்பை இழந்ததைவிட முடியை இழந்ததற்கு அழுதவர்கள் அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள், உயிர் பெரிதா முடி பெரிதா என்று யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். மார்பைத் துணி மறைத்துவிடும். பின்னலையும் பூவையும் ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. வயதான பெண்களுக்கு மழித்த தலை என்றால் வேறொரு நினைவும் வரும், தங்கள் பாட்டிமார் காலத்தில் அது யாருக்கு நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளை அருகில் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு பெண் முதல் கீமோவுக்கு முந்திய வாரமே முடிதிருத்துபவரை வீட்டுக்கு அழைத்து மழித்துக்கொண்டார். "பழனிக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்" என்றார். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதை அவர் தவிர்த்துவிட்டார், அது அவருக்கு உண்மையிலேயே உதவியது. அந்த வெற்றியில் மயங்கி நான் அடுத்த மாதம் இன்னொருவரிடம் இதையே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காணிக்கை நான் கொடுப்பது, இது என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வது" என்றார். அதன் பிறகு யாருடைய இழப்புக்கும் நான் பொருள் கற்பிப்பதில்லை. உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள்: முன்பே குட்டையாக வெட்டுவது, சவரி வாங்குவது, துணி கட்டுவது, வெறும் தலையோடு பஸ்ஸில் போவது. பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முளைக்கத் தொடங்கும், சில நேரம் சுருட்டையாக. நெற்றிப் பொட்டையும் புருவ மையையும் விடாதவர்கள் கண்ணாடியைப் பார்க்கச் சீக்கிரம் பழகுவதைக் கவனித்திருக்கிறேன்.

உறவினர்கள் ஜூஸோடு வருவார்கள். முள்சீத்தா இலை, கோதுமைப்புல், சர்க்கரையே தொடாதே என்ற கட்டளை. முள்சீத்தா மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. வாங்கி வைத்த ஒவ்வொரு புட்டியும், குடிக்காத ஒவ்வொரு நாளும், குணமாக முயற்சி செய்யவில்லை என்ற குற்ற உணர்வாக மாறும். சண்டை போட வேண்டாம். "டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அத்தை" என்ற ஒரு வாக்கியம் போதும், அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். முன்வினை, திருஷ்டி என்று பேசுகிறவர்களை உங்கள் கணவர் வாசலிலேயே பார்த்துக்கொள்ளட்டும். அதை அவருடைய வேலையாகவே ஒப்படைத்துவிடுங்கள்.

கோயிலுக்குப் போவது மனத்தை அமைதிப்படுத்தும் என்றால் போங்கள். கூட்டமில்லாத வார நாள் பிற்பகலாக இருக்கட்டும், வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நல்லதல்ல. விரதம் இருக்க நினைத்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, "அவர் ஒன்றும் பேசுவதில்லை" என்று மட்டும். ஆண்கள் பலர் பேசாமல் செய்வார்கள்: கட்டண ரசீதுகளைக் கோப்பில் அடுக்குவார்கள், காரைக் கழுவுவார்கள், இரவு பத்து மணிக்குக் கோப்பிக்கடைக்குப் போய் ஒரு கோப்பியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் பயத்தில்தான் இருக்கிறார். அவரிடம் "எனக்குத் தீர்வு வேண்டாம், பத்து நிமிடம் கேட்டால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் பலருக்கு முகமே மாறிவிடும். பராமரிப்பவர்களுக்கும் மருத்துவச் சமூக ஊழியர் உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

மகள் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள், அதனால் மறைக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். முடி கொட்டும் வீட்டில் எதை மறைப்பீர்கள்? பிள்ளைகள் கேட்காமல் இருப்பது தெரியாததால் அல்ல. 'புற்றுநோய்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், வெறும் உடம்பு சரியில்லை என்றால், அடுத்த முறை உங்களுக்குச் சளி பிடிக்கும்போதும் பயப்படுவாள். மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது உன்னால் வந்ததல்ல. இது உனக்குத் தொற்றாது. அம்மா படுத்திருக்கும் நாள்களில் உன்னை இன்னார் பள்ளியிலிருந்து அழைத்து வருவார், இன்னார் சாப்பாடு போடுவார். மூன்றாவதுதான் அவளுக்கு முக்கியம். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவைத்தால், மதிப்பெண் குறைந்தால் திட்டாமல் விசாரிப்பார்.

பணம், வேலை பற்றி இங்கே விரிவாகப் போகவில்லை. வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, சாதாரண நோய் விடுப்பின் 14 நாளும் அதில் அடக்கம். அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு கொடுக்கும், உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சமூக ஊழியரோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி விழிப்புகளில் ஒரு நல்ல பங்கு பணத்தைப் பற்றியது.

நடை. சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், மிதமான உடற்பயிற்சி செய்தால் புற்றுநோயாளிகளின் கவலை, மனச்சோர்வு, களைப்பு மூன்றும் குறைகின்றன என்றது. களைப்புக்கு ஓய்வுதானே மருந்து என்று எல்லாரும் நினைக்கிறோம், இங்கே அப்படியில்லை. உங்களுக்குச் செங்காங் ஆற்றோரப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் போங்கள். கீமோ முடிந்த முதல் சில நாள்களில் புளோக்கைச் சுற்றி ஒரு முறை வந்தால் அதுவே போதும். உடன் யாராவது வரட்டும், ஆனால் நோயைப் பற்றிப் பேசாதவராக.

ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு ஆச்சரியப்பட வேண்டாம். கடைசி கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து எல்லாரும் இனிப்பு கொடுக்கும் வாரத்தில் மனம் சரியலாம். அதுவரை வாராவாரம் பார்த்த தாதி இல்லை, செய்ய வேண்டிய வேலை இல்லை, இனி திரும்பி வருமா என்ற கேள்வி மட்டும் மிச்சம். ஒவ்வோர் ஆண்டும் மேமோகிராம் எடுக்கும் வாரத்திலும் அந்தக் கேள்வி திரும்பி வரும். அந்த வாரங்களை நாள்காட்டியில் முன்பே குறித்து, அலுவலகத்தில் பெரிய பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக அம்மா. இதற்கு ஒரே பதில் இல்லை. மறைத்த குடும்பங்களையும் சொன்ன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். மறைத்தவர்களின் சிரமம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்தது: காணொளி அழைப்பைத் தவிர்க்கத் தொடங்குவார்கள், ஊரில் இருப்பவர் மகள் கோபமாக இருக்கிறாள் என்று நினைப்பார், பிறகு ஏதோ ஒரு பெரியப்பா மகன் மூலம் உண்மை போய்ச் சேரும். நோய் வந்ததை மன்னித்துவிடுவார்கள், கடைசியாகத் தெரிந்துகொண்டதை மன்னிப்பது கடினம். அம்மாவுக்கு இதயக் கோளாறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தனியாக இருக்கும்போது சொல்லாதீர்கள். உங்கள் தம்பி மனைவி அதே தெருவில் இருக்கிறார் அல்லவா? அவரிடம் முதலில் சொல்லி, அம்மாவின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கீமோவுக்கு முன்பே, முடி இருக்கும்போதே, உங்கள் முகத்தைப் பார்த்து அவர் கேட்கட்டும். "அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, மருந்து கொடுக்கப் போகிறார்கள், முடி கொட்டும், பிறகு வளரும்" என்ற வரிசையில் சொல்லுங்கள். அழுவார். நீங்களும் அழுவீர்கள், குழாயைத் திறக்காமல்.

சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. அம்மா காபி குடித்து முடித்திருப்பார், இருட்டியிருக்காது, பக்கத்து வீட்டார் விழித்திருப்பார்கள். அந்த நேரத்தில் அழையுங்கள்.